மூலை பிசகாத பொத்தான்

அந்தக் கடிதத்தில் முட்டைக்கோஸ் என்ற சொல் மூன்று இடங்களில் வந்திருந்தது.

எழுதியவர் உரிம அலுவலகத்தின் கண்காணிப்பாளர். மிகவும் மரியாதையான கடிதம். தமது அலுவலக வாசலில் வைக்கப்பட்டுள்ள தொடுதிரை இயந்திரத்தில், 'திருப்தி' என்ற பொத்தானின் நான்கு மூலைகளிலும் உள்ள மலர்கள் மலர்களாகவே இருக்கின்றன என்று தொடங்கியிருந்தார். 'திருப்தி இல்லை' என்ற பொத்தானில் அதே மலர்கள் முட்டைக்கோஸ்களாக இருக்கின்றன. இரண்டும் ஒரே படம் என்று தங்கள் நிறுவனத்தார் சொல்கிறார்கள். அப்படியானால் ஒரு மலர் எந்தக் கட்டத்தில் முட்டைக்கோஸ் ஆகிறது, ஆன முட்டைக்கோஸை மறுபடி மலராக்க எத்தனை நாள் பிடிக்கும் என்பதைத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அந்தத் திரையைச் செய்துகொடுத்த மென்பொருள் நிறுவனத்தின் டீம் லீட் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுப் பிக்சலின் மேசையில் வைத்தார்.

"சின்ன விஷயம்தான்," என்றார்.

அவர் வாயில் பெரிய விஷயம் என்று எதுவும் வந்ததில்லை. போன வருடம் கூரை ஒழுகி ஆறு கணினிகள் குளித்தபோதும் அதையேதான் சொன்னார்.

பிக்சல் என்பது அவளுக்கு அலுவலகம் வைத்த பெயர். திரையில் ஒரு புள்ளி தள்ளியிருந்தால்கூட அவளுக்குச் சாப்பாடு இறங்காது. இங்கே வருவதற்கு முன் எட்டு வருடம் ஓர் அச்சகத்தில் சுவரொட்டிகளும் அட்டைப் பெட்டிகளும் வடிவமைத்தவள். காகிதத்தில் ஒரு பூவை வரைந்தால் அது வரைந்த இடத்தில், வரைந்த அளவில், கிழியும்வரை கிடக்கும். திரை அப்படி அல்ல என்று இங்கே சேர்ந்த ஐந்து மாதத்தில் கேள்விப்பட்டிருந்தாள். இப்போதுதான் பட்டுத் தெரிந்துகொள்கிறாள்.

ஆறு மாதத் தகுதிகாண் காலம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. வேலை நிரந்தரமா, மறுபடி அச்சக வாசலா என்பது ஒரே ஒரு தாளில் இருந்தது. 'இயந்திரத்தை ஏற்றுக்கொண்டோம்' என்று கண்காணிப்பாளர் கையெழுத்துப் போடவேண்டிய தாள். அதை வாங்கிவந்தால் நிரந்தர ஆணை தயார் என்று லீட் சொல்லியிருந்தார். வாங்கிவராவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. அதுவும் அவருக்குச் சின்ன விஷயமாகத்தான் இருக்கும்.

இயந்திரத்தின் வேலை எளிது. உரிமத்துக்காக வந்தவர்கள் வெளியே போகும் வழியில், இடுப்புயரத் தடுப்புக் கதவுக்குப் பக்கத்தில் அது நிற்கும். 'எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியா?' என்று கேட்கும். இரண்டு பொத்தான்களில் ஒன்றைத் தொட்டால் கதவு திறக்கும். தொடாமலே போகலாம் என்றால் யாரும் கருத்துச் சொல்ல மாட்டார்கள் என்பது மேலிடத்துக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

பொத்தானுக்குப் பூவேலை வேண்டும் என்று கேட்டவர் கண்காணிப்பாளர்தான். மேல் விளிம்பின் நடுவில் ஒரு குட்டிப் பறவையும் வேண்டும் என்றார். மூன்று மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர்களுக்கு அதைப் பார்த்தாலாவது மனசு லேசாகட்டுமே என்பது அவர் கணிப்பு.

பிக்சல் நேராக புரோகிராமரிடம் போனாள். காதைவிட்டு ஹெட்போனைக் கழற்றாததால் அவனுக்கு ஹெட்போன் என்றே பெயர். கடிதத்தைப் படித்ததும் ஒரு காதை மட்டும் விடுவித்தான். அவனைப் பொறுத்தவரை அதுவே பெரிய மரியாதை.

நீளமான எழுத்துக்கு நீளமான பொத்தான் வேண்டும் என்று படத்தை ரப்பர் மாதிரி இழுத்திருக்கிறோம், இழுத்தால் பூவும் சேர்ந்துதானே இழுபடும் என்று அவன் விளக்கினான். படத்தின் மேல் நெடுக்காக இரண்டு கோடு, குறுக்காக இரண்டு கோடு போட வேண்டும். ஒன்பது துண்டு வரும். மூலைத் துண்டு நான்கையும் தொடவே கூடாது. மேலும் கீழும் உள்ள விளிம்புத் துண்டுகள் பக்கவாட்டில் மட்டும் நீளலாம், இடமும் வலமும் உள்ளவை உயரத்தில் மட்டும். நடுத்துண்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும். கோட்டை எங்கே போடுவது என்று நீ சொல்லு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

அன்று மாலை அவள் அதைக் கணவனுக்கு விளக்கினாள், தனக்குப் புரிந்ததா என்று சரிபார்க்க. மூலைக்கு மூலை பூப்போட்ட கட்டில் விரிப்பைக் காட்டி, இதைப் பெரிய கட்டிலுக்கு ஏற்ற மாதிரி இழுத்தால் பூ கோணிப்போகும், பூவை விட்டுவிட்டு நடுத்துணியை மட்டும் நீளமாக்கினால் கோணாது என்றாள். நூலகத்தில் வேலை பார்க்கும் கணவன் எதையும் வகைப்படுத்திவிட்டுத்தான் பேசுவான்.

"அப்போ மூலையில இருக்கிறவங்களை யாரும் எதுவும் கேட்க முடியாது. நடுவுல இருக்கிறவனை மட்டும் நாலு பக்கமும் இழுக்கலாம்."

"ஆமாங்க."

"உனக்கும் எங்க அம்மாவுக்கும் நடுவுல நான் இருக்கிற மாதிரின்னு முதல்லயே சொல்லியிருந்தா, விரிப்பைக் கலைச்சிருக்க வேண்டாமே," என்றான்.

மறுநாள் அவளும் ஹெட்போனும் கோடு போட்டார்கள். அதற்கடுத்த நாள் பென் டிரைவோடு உரிம அலுவலகத்துக்குப் போனாள். அந்த இயந்திரத்துக்கு இணைய இணைப்பு கிடையாது. பின்பக்கக் கதவைத் திறந்துதான் எதையும் ஏற்ற வேண்டும். அதன் சாவி கண்காணிப்பாளரிடம். அவர் சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஆறங்குல பிளாஸ்டிக் அளவுகோல் இருந்தது.

அளவுகோலைத் திரையில் வைத்து ஒவ்வொரு பூவாக அளந்தார். இந்தப் பொத்தானில் பதினொரு மில்லிமீட்டர். அந்தப் பொத்தானிலும் பதினொரு மில்லிமீட்டர். முகம் மலர்ந்தது. பிறகு அளவுகோல் மெல்ல மேலே நகர்ந்தது.

"மேடம், இது என்ன?"

"பறவை சார்."

"அது இந்த பட்டன்ல. அந்த பட்டன்ல என்ன?"

பிக்சல் பார்த்தாள். பூக்கள் தப்பித்துவிட்டன. ஆனால் பறவை இருந்தது மேல் விளிம்பின் நடுவில், அதாவது பக்கவாட்டில் நீளும் துண்டில். 'திருப்தி இல்லை' என்ற நீளப் பொத்தானில் அதன் அலகு ஒரு கோடிக்கும் வால் மறுகோடிக்கும் போயிருந்தது. வாசலில் டோக்கன் கொடுக்கும் அம்மா, இடுப்பில் கைவைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"முதலைம்மா," என்றார், நோகாமல்.

முதலை என்று கடிதம் வருவதற்குள் பிக்சல் முந்திக்கொண்டாள். மூலையைத்தானே தொடக்கூடாது? பறவையையும் மூலைக்குக் கொண்டுபோய்விட்டால்? மேல் மூலைகளில் பூவுக்குப் பக்கத்தில் ஒன்று ஒன்றாக, எதிரெதிரே பார்க்கும் இரண்டு பறவைகளை உட்காரவைத்தாள். கோடுகளை உள்ளே தள்ளிப் போட்டாள். இப்போது எவ்வளவு இழுத்தாலும் பூவும் பறவையும் அசையாது. அவளே தன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொள்ள முடியாத குறைதான்.

நீளப் பொத்தானில் அது அழகாகவே வந்தது. கண்காணிப்பாளரே தலையாட்டினார். ஆனால் மூலைத் துண்டுகள் பெருத்துவிட்டதால் 'திருப்தி' என்ற குட்டிப் பொத்தானில் இரண்டு மூலைகளுக்கும் சேர்த்து இடம் போதவில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. இடப்பக்கப் பறவையின் அலகு வலப்பக்கப் பறவையின் கண்ணில் இருந்தது.

"திருப்தின்னு எழுதிட்டு அதுக்கு மேலயே சண்டை போட்டா எப்படி மேடம்?" என்று கேட்டார் கண்காணிப்பாளர். கோபமே இல்லை. உண்மையிலேயே வழி கேட்பவர் போலத்தான் கேட்டார்.

மூன்றாவது தீர்வு அச்சகத்துக் கையிலிருந்து வந்தது. அங்கே சிறிய அட்டையில் பெரிய படம் போடச் சொன்னால், இதற்குக் குறைந்த அட்டை கிடையாது என்று ஓர் அளவைச் சொல்லிவிடுவார்கள். அதையே செய்தாள். எந்தப் பொத்தானும் இன்ன அகலத்துக்குக் கீழே போகக்கூடாது என்று ஹெட்போனிடம் ஓர் எண்ணைக் கொடுத்தாள். அவன் இந்த முறை எந்தக் காதையும் விடுவிக்காமல் அதை எழுதிப்போட்டான். அவளுடைய அகலத் திரையில் இரண்டு பொத்தான்களும் ஜமீன்தார் மாளிகைக் கதவுகள் போல அருகருகே நின்றன. பறவைகள் கௌரவமான தூரத்திலிருந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

அன்று லீட் கூட்டம் வைத்துவிட்டதால் அவளால் நேரில் போக முடியவில்லை. பென் டிரைவைக் கூரியரில் அனுப்பினாள். டோக்கன் அம்மாவே செருகிக்கொள்வார் என்று கண்காணிப்பாளர் போனில் சொல்லிவிட்டார். தேதி ஒன்பது.

பத்தாம் தேதி காலை கைபேசிக்கு ஒரு புகைப்படம் வந்தது. கீழே கண்காணிப்பாளரின் குறிப்பு. 'பறவைகள் சமாதானமாகிவிட்டன. மிக்க நன்றி. வலது மேல் மூலையில் உள்ள இலை மட்டும் சற்றுத் தடித்திருக்கிறதோ?'

பிக்சல் படத்தைப் பெரிதாக்கி இலையைப் பார்த்தாள். இலைக்கு ஒன்றும் இல்லை. இன்னும் பெரிதாக்கினாள். அப்போதும் இல்லை. சரி, முழுப்படத்தையும் பார்ப்போம் என்று சுருக்கினாள்.

திரையில் ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது.

அவள் மேசையில் இருப்பது அகலத் திரை. வாசலில் நிற்பது ஆளுயர, ஒல்லித் திரை. 'திருப்தி' என்ற பொத்தானே அந்த அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. 'திருப்தி இல்லை' திரைக்கு வெளியே, சுவருக்குள் எங்கோ, பூவும் பறவையும் கொஞ்சமும் கோணாமல், யார் கண்ணுக்கும் படாமல் இருந்தது.

ஹெட்போனின் தோளைத் தட்டினாள். படத்தைப் பார்த்ததும் அவன் இரண்டு காதையும் விடுவித்தான். இது வரை யாரும் அந்தக் காதுகளை ஒன்றாகப் பார்த்ததில்லை.

"லீட்கிட்ட சொல்லிடவா?" என்றாள்.

"தாராளமா சொல்லு. கையெழுத்து வாங்கினதுக்கு அப்புறம் சொல்லு."

"அதுக்குள்ள கண்காணிப்பாளர் பார்த்துட்டா?"

"அவர் இலையைப் பார்த்துட்டு இருக்காரு. நல்ல மனுஷன். அப்படியே பார்க்கட்டும், நீ முதல்ல இதைச் சரி பண்ணு."

சரிசெய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். பறவையை மூலையிலிருந்து எடுத்து, எதோடும் சேர்ந்து நீளாத தனிப் படமாக மேலே ஒட்டினாள். மூலைத் துண்டைப் பூவின் அளவுக்குச் சுருக்கினாள். பொத்தான்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தாள். இனி எந்தத் திரையில் போட்டாலும், எவ்வளவு இழுத்தாலும், எதுவும் எதையும் கொத்தாது. எல்லாம் ஒரு பென் டிரைவில் அடங்கி அவள் கைப்பையில் இருந்தது. சாவிதான் கண்காணிப்பாளர் கையில் இருந்தது.

போன் செய்து, புதியது தயார், இன்றைக்கே வந்து ஏற்றிவிடுகிறேன் என்றாள்.

"இலை?" என்றார் கண்காணிப்பாளர்.

"சரி பண்ணிட்டேன் சார்."

"அதை முதல்ல ஒரு தாள்ல எடுத்து அனுப்புங்க மேடம், பார்த்துடறேன். சும்மா சும்மா மெஷினைத் திறக்க வேண்டாம். மூலை நாலும் முடியட்டும், ஒரேயடியா வந்து போட்டுடலாம். அரைகுறையா எதையும் தொடக்கூடாது, பாருங்க."

அவள் தொடாத இலையை அச்செடுத்து அனுப்பினாள். இலை ஏற்கப்பட்டது. ஆனால் அதன் காம்பு சிவப்பு வட்டத்துக்குள் திரும்பி வந்தது. காம்பை மெலிதாக்கினாள். காம்பு மெலிந்ததில் பூ கனத்துத் தெரிவதாகக் குறிப்பு வந்தது. பூவின் இதழ்கள் ஐந்தும் ஒரே அளவில் இருப்பது சற்றுப் பிடிவாதமாகத் தெரிகிறதோ என்று ஒரு நாள். இதழ்களைத் தளர்த்தி அனுப்பினால், கீழ் இடப்பக்கப் பூ மட்டும் சோகமாக இருக்கிறதாம்.

"பூ சோகமா இருக்குன்னு எழுதியிருக்காரு," என்றாள் வீட்டில்.

கணவன் அச்சுத்தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தான். பூ சோகமாக இல்லை, யோசனையில் இருக்கிறது என்றான். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, அது நல்ல பூதான், வரைந்தவள்தான் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வீட்டில் அன்றைக்கு ஒரு நாள், நடுவில் இருந்தவனை யாரும் இழுக்கவில்லை.

பிக்சல் ஒவ்வொரு கடிதத்தையும் ஓரம் கிழியாமல் மெதுவாகப் பிரிப்பாள். இன்றைக்கு அவர் கண்ணில் பட்டிருக்கும், 'இரண்டாவது பொத்தான் எங்கே?' என்று கேட்டிருப்பார் என்று எதிர்பார்ப்பாள். உள்ளே ஒரு தண்டோ மகரந்தமோ இருக்கும். நிம்மதியோடு உட்கார்ந்து திருத்துவாள். ஒரு மனிதர் மூலையை இவ்வளவு ஆழ்ந்து பார்க்க முடியும், அதே திரையில் கேள்விக்குப் பாதிப் பதிலே இல்லாததைப் பார்க்காமலும் இருக்க முடியும் என்பது அவளுக்கு முதலில் வியப்பாக இருந்தது. பிறகு அவர்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. அவளும் அந்த ரகம்தானே.

ஆனால் மனசாட்சி விடவில்லை. இருபத்திரண்டாம் தேதி மதியம், சாப்பாட்டு நேரத்தில் உரிம அலுவலகத்துக்குப் போய், பொதுமக்களோடு பொதுமக்களாகத் தூண் மறைவில் நின்றாள்.

சட்டையெல்லாம் சிமெண்ட் தூசியோடு ஒருவர் கவுன்டரிலிருந்து வந்தார். கையில் நான்கு டோக்கன்கள். நான்கு கவுன்டரிலும் அடுத்த கவுன்டரைக் காட்டியிருக்கிறார்கள் என்பது முகத்தில் தெரிந்தது. இயந்திரத்தின் முன் நின்று கேள்வியைப் படித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு விரலை நீட்டினார். விரல் அந்தரத்தில் நின்றது. திரையின் வலப்பக்கம் தேடினார். இடப்பக்கம் தேடினார். குனிந்து அடியில் பார்த்தார். பின்பக்கம்கூடப் போய்ப் பார்த்தார்.

"இன்னொண்ணு எங்கம்மா?" என்று டோக்கன் அம்மாவிடம் கேட்டார்.

"இருக்கிறதைத் தொடுங்கய்யா. கதவு திறக்கும்."

அவர் 'திருப்தி'யைத் தொடவில்லை, குத்தினார். பறவைகள் இரண்டும் சிறகடித்தன. 'தங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி' என்று திரை சொன்னது. கதவு திறந்தது. போகும்போது அவர் சொன்ன சொற்கள் எந்தப் பொத்தானிலும் எழுதக்கூடியவை அல்ல.

சிறிது நேரத்தில் கண்காணிப்பாளர் வெளியே வந்தார். பிக்சல் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டாள். அவர் கைக்குட்டையால் திரையைத் துடைத்தார். வலது மேல் மூலையில் கொஞ்சம் அதிக நேரம் துடைத்தார். தள்ளி நின்று, தலையைச் சாய்த்து ரசித்துவிட்டு உள்ளே போனார். இவ்வளவு வெள்ளை மனதுக்காரரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோமே என்று திரும்பும் வழியெல்லாம் புழுங்கினாள்.

இருபத்தேழில் லீட் வந்து, கையெழுத்து என்ன ஆயிற்று என்றார். மூலை பாக்கி என்றாள். சின்ன விஷயம்தான் என்றவர், மூன்று நாள்தான் இருக்கிறது என்பதையும் அதே குரலில் சொன்னார். இருபத்தெட்டில் ஒரு மொட்டு திரும்பி வந்தது. இருபத்தொன்பதில் எதுவுமே வரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. அச்சகத்து முதலாளியின் எண் கைபேசியில் இன்னும் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். இருந்தது.

முப்பதாம் தேதி மதியம் கண்காணிப்பாளரே கூப்பிட்டார்.

"மேடம், நாலு மூலையும் பிரமாதம். ஒரு குறை சொல்ல முடியாது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வாங்க, போட்டுடலாம். அந்தத் தாளையும் எடுத்துட்டு வாங்க."

ஐந்தே காலுக்கு அலுவலகம் காலியாக இருந்தது. அவர் சாவியைக் கொடுத்தார். அவள் பென் டிரைவைச் செருகினாள். திரை ஒரு முறை இருண்டு விழித்தது. மேலே 'திருப்தி', கீழே 'திருப்தி இல்லை'. எட்டு மூலையிலும் எட்டுப் பூ. இருபது நாள் சுவருக்குள் இருந்த பொத்தான் வெளியே வந்து, ஒன்றும் நடக்காதது போல நின்றது.

இப்போது கேட்பார் என்று காத்திருந்தாள். இது எப்போது வந்தது, இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேட்டால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று வழியிலேயே தீர்மானித்திருந்தாள். அவர் அளவுகோலை எடுத்தார். மேல் பொத்தானின் நான்கு மூலைகளை அளந்தார். கீழ்ப் பொத்தானின் நான்கையும் அளந்தார். பதினொன்று, பதினொன்று, பதினொன்று என்று முணுமுணுத்தார். பிறகு தாளை வாங்கி, இயந்திரத்தின் முதுகிலேயே வைத்து, அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

"உங்க பொறுமைக்குத்தான் மேடம் இந்தக் கையெழுத்து," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவள் லீட்டுக்குச் செய்தி அனுப்பினாள். 'நாளை ஆணை தயார்' என்று பதில் வந்தது. தாளை இரண்டு தடவை மடித்துப் பையில் வைத்தாள். மடிப்பு ஓரத்தில் மூலைகள் சரியாகச் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, ஒன்றைத் திருத்தினாள்.

தடுப்புக் கதவருகே டோக்கன் அம்மா அன்றைய டோக்கன்களை எண் வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகும் அவசரம் அவர் கையில் தெரிந்தது. பிக்சலுக்கு யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போல இருந்தது. கையெழுத்தும் கிடைத்துவிட்டது, நாளை முதல் இங்கே வரவும் போவதில்லை. இவரிடம் சொன்னால் என்ன.

"அம்மா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். என் தப்பால இருபது நாளா இந்த மெஷின்ல 'திருப்தி இல்லை' பட்டனே வரலை. பயத்துல சாப்பிடக்கூட முடியலை. நல்ல வேளை, சார் அதைக் கவனிக்கவே இல்லை."

டோக்கன் அம்மா கடைசி டோக்கனை அடுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"கவனிக்காம என்னம்மா, மேலிடத்துக்குப் போற இந்த மாசக் கருத்துக்கணிப்பு இன்னைக்கு அஞ்சு மணிக்கு முடியிற வரைக்கும் நீங்க இந்தப் பக்கம் வந்துடக்கூடாதுன்னு, தினம் காலையில மூலையைப் பார்த்து ஏதாவது ஒரு குறை சொல்லச் சொல்லி என்னைத்தானே உட்காரவச்சாரு."